"மேஜையில தாளம் போடாதே!"

"மேஜையில தட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

அன்று இரவு நான் போட்ட சத்தத்தில் என் மகன் சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டான். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வயதுப் பையன் சாப்பாட்டு மேஜையில் தாளம் போட்டதற்கு அவ்வளவு கோபம் தேவையில்லைதான்.

"ஸ்கூல்ல ஜெம்பே சொல்லித் தர்றாங்கம்மா. அதைத்தான் பிராக்டிஸ் பண்ணினேன்" என்றான், முகம் சுருங்கி.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நாங்கள் லண்டனுக்கு வந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. இங்கே ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். முன்பெல்லாம் இங்கிலாந்துப் பள்ளிகளில் 'ஐசிடி' என்று ஒரு பாடம் இருந்தது. வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள். 2014 செப்டம்பரில் அதை மாற்றி 'கம்ப்யூட்டிங்' என்று கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் புரோகிராம் எழுதவே கற்க வேண்டும் என்றார்கள். அதே பாடத்திட்டத்தில் பதினான்கு வயது வரை இசையும் உண்டு. அந்த இசைப் பாடத்தில் பல பள்ளிகள் 'ஆப்பிரிக்க முரசு' என்று ஆறு வாரம் ஒதுக்குகின்றன. வாத்தியம் எதுவும் தெரியாத பிள்ளைகூட முதல் நாளே அடித்து ஓசை எழுப்ப முடியும் என்பதால் ஆசிரியர்களுக்கு இது பிடித்த பாடம்.

மேஜைச் சண்டை நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் பள்ளி மியூசிக் டீச்சர் என்னிடம் வந்து, "நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாடம் எடுக்கலாமா?" என்று கேட்டார். இயர் 8 பிள்ளைகள். நம்மூர்க் கணக்கில் ஏழாம் வகுப்பு. பாதி வகுப்பு அவரிடம் ஜெம்பே அடிக்கும். மீதிப் பாதி என்னிடம் கம்ப்யூட்டரில் அதே தாளத்தை எழுதும். அடுத்த வாரம் இடம் மாற்றிக்கொள்வார்கள். மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சரி என்றேன்.

பாடத்துக்கான ஒர்க்‌ஷீட்டுகளும் ஸ்லைடுகளும் ஏற்கெனவே இருந்தன. ஒருவர் 'கேள்வி' அடிக்க மற்றவர்கள் 'பதில்' அடிப்பது, ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது, வெவ்வேறு தாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எல்லாம் படத்துடன் தெளிவாக இருந்தன. ஜெம்பேயில் மூன்று அடிகள் முக்கியம். தோலின் நடுவில் உள்ளங்கையால் அடித்தால் கனத்த ஓசை, அது பேஸ். விளிம்பில் விரல்களைச் சேர்த்து அடித்தால் டோன். அதே விளிம்பில் விரல்களைத் தளர்த்திச் சுளீரென்று அடித்தால் ஸ்லாப். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடக்கமாக இருந்தது. முதல் ஸ்லைடில் ஆப்பிரிக்க வரைபடம். அதன் கீழே, 'ஆப்பிரிக்காவில் முரசு எல்லோரையும் ஒன்று சேர்க்கிறது' என்ற வரி.

முதல் வகுப்பன்று வெளியே மழை. மியூசிக் டீச்சர் ஒரு ஜெம்பேயைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஈரக் காற்றில் ஆட்டுத்தோல் தொய்ந்து, ஓசை மந்தமாக வந்தது.

"கொஞ்சம் சூடு காட்டினால் சரியாகிவிடும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கேயோ படித்தேன்" என்றேன்.

படிக்கவில்லை. என் தாத்தா பறையடிப்பவர். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். அடிப்பதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். சூடு ஏறினால் தோல் இறுகும், ஓசை கணீரென்று வரும். அந்த வைக்கோலைச் சுமந்துகொண்டு தாத்தாவின் பின்னால் நடந்த சிறுவன்தான் என் அப்பா.

அப்பாவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது நடந்ததை எனக்கு ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்கு நல்ல காய்ச்சல். ஊரில் ஒரு சாவு. ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான். பாட்டி, "இன்னிக்கி மட்டும் வேணாமே" என்று அழுதிருக்கிறார். போகாமல் இருக்க முடியாது. தாத்தா எழுந்து போய், சட்டையில்லாமல் வெயிலில் நின்று மத்தியானம் வரை அடித்தார். அங்கே அப்பாவுடன் ஒரே வகுப்பில் படித்த ஒரு பையன், என் தாத்தாவைப் பார்த்து, "டேய், நிறுத்தாம அடிடா" என்றானாம். அவன் பேச்சுக்குத் தாத்தா குனிந்து, "சரிங்க சாமி" என்றாராம்.

அப்பா படித்தார். தபால் துறையில் வேலை கிடைத்து, தாம்பரத்துக்குக் குடிவந்தார். தாத்தாவின் பறை ஊரிலேயே நின்றுபோனது. எங்கள் வீட்டில் யாரும் எதிலும் தாளம் போடக் கூடாது. நான் சின்ன வயதில் பித்தளைக் குடத்தில் தட்டினால்கூட அம்மாவின் கை முதுகில் விழும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஊர்ப் பெயரை யார் கேட்டாலும் "விழுப்புரம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த லட்சணத்தில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகனை சனிக்கிழமைதோறும் மிருதங்க வகுப்புக்கு நானே அழைத்துப் போகிறேன். அரங்கேற்றம் வரை போக வேண்டும் என்று ஆசை. அதுவும் தோல் கட்டிய வாத்தியம்தான். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அதைச் செய்து கொடுக்கும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மிருதங்கம் என்றால் பெருமை, மேஜையில் தட்டினால் கோபம். என் கணக்கு அப்படி இருந்தது.

ஆனாலும், மகனுக்காக அந்த வகுப்பு வாசலில் காத்திருந்த சனிக்கிழமைகள் இந்தப் பாடத்துக்கு உதவின.

கம்ப்யூட்டர் லேபில் நான் முதலில் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. பலகையில் எட்டுப் பெட்டிகள் வரைந்தேன். அடி விழும் பெட்டியில் புள்ளி, மற்றவை காலி. ஆப்பிரிக்கத் தாளங்களை மேற்கத்திய இசைக் குறியீட்டில் எழுதச் சிரமமாக இருக்கிறது என்று 1962-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹார்லண்ட் என்பவர் உருவாக்கிய முறை இது. ஒரு பெட்டி, ஒரு கால அளவு. கம்ப்யூட்டரில் தாளம் அமைக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இன்று நாம் பார்ப்பதும் இதே பெட்டி வரிசைதான்.

முதல் தாளத்தில் ஒன்று, நான்கு, ஏழு ஆகிய பெட்டிகளில் புள்ளி. பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. "ஒன்று இரண்டு மூன்று நான்கு" என்று எண்ணிக்கொண்டே நான்காவது பெட்டியைத் தவறவிட்டார்கள். என்னையறியாமல் வாயில் வந்தது: "தகிட தகிட தக!"

வகுப்பு சிரித்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்!" மூன்று, மூன்று, இரண்டு, ஆக எட்டு. ஐந்தே நிமிடத்தில் முப்பது பிள்ளைகள் 'தகிட தகிட தக' என்று மேஜையில் அடித்தார்கள். நான் தடுக்கவில்லை. வாயால் சொல்லித் தாளம் பழக்குவது நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று மியூசிக் டீச்சர் பிறகு சொன்னார். நைஜீரியாவிலிருந்து அமெரிக்கா போன பாபதுண்டே ஒலாதுஞ்சி, ஜெம்பே அடிகளை 'குன், கோ, பா' என்று சொல்லித்தான் கற்பித்தாராம்.

இந்த மூன்று-மூன்று-இரண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் நிற்கவில்லை. அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு கியூபாவுக்கும் போனது. அங்கே அதற்கு 'த்ரெஸீயோ' என்று பெயர். எட்டுப் பெட்டிகளில் மூன்று அடிகளை முடிந்தவரை சம இடைவெளியில் பரப்பினால் கிடைப்பதும் இதுதான். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்க யூக்ளிட் சொன்ன பழைய வழிமுறை இருக்கிறதல்லவா, அதே வழியில் உலகின் பல நாட்டுத் தாளங்கள் பிறக்கின்றன என்று காட்ஃப்ரீட் டுசேன் என்ற கணினி அறிஞர் 2005-ல் காட்டினார். கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய 'சோனிக் பை' என்ற இலவச மென்பொருளில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. 'ஸ்ப்ரெட் மூன்று, எட்டு' என்று எழுதினால் போதும், தாளம் வந்துவிடும்.

லூப் என்றால் என்ன என்று நான் வருடக்கணக்கில் பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். அந்த வாரம் விளக்கவே தேவைப்படவில்லை. ஒரு பெட்டியின் நேரத்தைத் தவறாகப் போட்டால் தாளம் மெல்ல மெல்ல நழுவி, மற்றவர்களோடு சேராமல் போய்விடுகிறது. பிழை எங்கே என்று காதே சொல்லிவிடுகிறது. மூன்று அடிச் சுற்றும் நான்கு அடிச் சுற்றும் எப்போது மறுபடி ஒன்றாகச் சேரும் என்று கேட்டேன். கணக்குப் பாடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்றாலே முகம் திருப்பும் ஒரு பையன், "பன்னிரண்டில்!" என்று கத்தினான்.

மூன்றாவது வாரம், 'முரசு எல்லோரையும் ஒன்று சேர்க்கிறது' ஸ்லைடு திரையில் இருந்தபோது ஒரு மாணவி கையைத் தூக்கினாள். அதிகம் பேசாத பெண். அவளுடைய அப்பா மாலி நாட்டிலிருந்து வந்தவர்.

"மிஸ், எல்லோரும் இல்லை. எங்க வீட்டுல பாடக் கூடாது. நாங்க பாடுற குடும்பம் இல்லைன்னு தாத்தா சொல்வாராம். ஸாலிஃப் கெய்தாவைக்கூடப் பாட விடலை."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "அடுத்த வாரம் பேசுவோம்" என்றேன்.

அன்று இரவு பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். ஜெம்பேயை 'ஆப்பிரிக்க முரசு' என்று சொல்வது, மிருதங்கத்தை 'ஆசிய முரசு' என்று சொல்வது போல. 54 நாடுகள் இருக்கும் கண்டம் அது. ஜெம்பே, கினி, மாலி பகுதிகளில் வாழும் மாண்டே மக்களுடையது. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இருக்கும் பேசும் முரசோ நம் உடுக்கை போல இடை சிறுத்து, அமுக்கினால் சுருதி மாறுவது. இரண்டையும் ஒரே பெயரில் அடைக்க முடியாது.

அந்த மாண்டே சமூகத்தில் மரத்தைக் குடைந்து ஜெம்பே செய்து வந்தவர்கள் பரம்பரைக் கொல்லர்கள். 'நுமு' என்பார்கள். வம்ச வரலாற்றையும் புகழையும் பாடுகிறவர்கள் 'ஜெலி'. குயாத்தே, ஜியாபாத்தே என்று குடும்பப் பெயரைக் கேட்டாலே ஜெலி என்று தெரிந்துவிடும். தோல் வேலை செய்கிறவர்கள் வேறு. இவர்கள் அவரவர் பிரிவுக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் வழக்கம். கோரா என்ற 21 நரம்பு வாத்தியம் பரம்பரையாக ஜெலிகளுக்கு உரியது. ஜெம்பேக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை, யாரும் அடிக்கலாம் என்கிறார்கள். 1949-ல் பிறந்த ஸாலிஃப் கெய்தா, 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்தாவின் வம்சம். அரச வம்சத்துப் பையன் ஜெலிகளின் வேலையைச் செய்வதா என்று வீட்டில் எதிர்ப்பு. அதை மீறித்தான் உலகம் அறிந்த பாடகர் ஆனார்.

பக்கத்து நாடான செனகலைப் பற்றி ஒரு செய்தி. அந்தக் காலத்தில் அங்கே சில பகுதிகளில், பாடி முழக்கும் பரம்பரையினர் இறந்தால் மண்ணில் புதைக்க விடமாட்டார்களாம். பாவோபாப் மரத்தின் பொந்துக்குள் உடலை வைத்துவிடுவார்களாம். அதைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். எங்கள் ஊரிலும் எங்களுக்குத் தனிச் சுடுகாடுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்துக்கு வீடியோ காலில் பேசும்போது, அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அப்பா, இங்க பிள்ளைங்களுக்கு மோளம் அடிக்கச் சொல்லித் தர்ற வகுப்புல நானும் இருக்கேன். உங்க பேரனும் அவன் ஸ்கூல்ல அடிக்கிறான்."

பின்னால் அம்மாவின் குரல்: "அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அவன் இஷ்டப்பட்டு அடிக்கிறானா?"

"ஆமாப்பா."

"வேணாம்னா உட்டுட்டு வரலாமா?"

"வரலாம். புட்பால் ஆடப் போறேன்னா அனுப்பிடுவாங்க."

"அப்ப அடிக்கட்டும். எங்கப்பாவுக்கு வேணாம்னு சொல்ல வழி இல்லம்மா. அதான் எனக்குக் கசந்துபோச்சி. மோளம் என்ன பாவம் பண்ணுச்சி?" சற்று நிறுத்தி, "மதுரையில வேலு ஆசானுக்குப் பறைக்காக பத்மஸ்ரீ குடுத்தாங்களே, பேப்பர்ல பார்த்தேன். அந்தப் பக்கத்தை வெட்டி வெச்சிருக்கேன்" என்றார்.

2025-இல் வந்த செய்தி அது. அம்மாவுக்கும் தெரியாமல் வெட்டி வைத்திருந்திருக்கிறார்.

அடுத்த நாள் மியூசிக் டீச்சரிடம் பேசி, பாடத்தில் ஒரு பக்கம் சேர்த்தேன். முதல் ஸ்லைடில் கண்டத்தின் வரைபடத்தை எடுத்துவிட்டு, கினியையும் மாலியையும் காட்டினோம். 1950-இல் கினியின் ஒரு சிற்றூரில் பிறந்து, 1991-இல் பிரஸ்ஸல்ஸில் ஜெம்பே பள்ளி தொடங்கி, 2021-இல் மறைந்த மமாடி கெய்தாவின் படம் வைத்தோம். கீழே மூன்று கேள்விகள். இந்த வாத்தியத்தைச் செய்தவர் யார்? இதை வாசிக்க யாருக்கு அனுமதி இருந்தது? வாசிக்க மாட்டேன் என்று சொல்ல யாரால் முடிந்தது?

மூன்றாவது கேள்வி என் அப்பாவுடையது.

வகுப்பில் அந்தக் கேள்விக்கு வந்தபோது அந்த மாலிப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். "உன் குடும்பத்தில் பாடக் கூடாது என்றார்கள். என் குடும்பத்தில் அடித்தே ஆக வேண்டும் என்றார்கள். என் தாத்தா ஒரு பறைக் கலைஞர்."

வாழ்க்கையில் முதல் முறையாக வெளி மனிதர்கள் முன்னால் அதைச் சொல்கிறேன். குரல் நடுங்கியது. அவர்களுக்கோ அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஒரு பையன், "அவர் நல்லா அடிப்பாரா மிஸ்?" என்று கேட்டான். இத்தனை வருடங்களில் அந்தக் கேள்வி எனக்கே தோன்றியதில்லை. அவர் பட்ட அவமானத்தைத்தான் நினைத்திருக்கிறேன். அவர் எப்படி அடிப்பார் என்று யாரிடமும் நான் கேட்டதில்லை.

அன்று மாலை மியூசிக் டீச்சர் ஒரு ஜெம்பேயை என் முன்னால் நகர்த்தினார். இந்த முறை உட்கார்ந்தேன். பேஸ் வந்தது. டோன் சுமாராக வந்தது. ஸ்லாப் இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலோடு நின்ற கொள்ளுத்தாத்தாவை, "டேய்" என்ற பையனை, ஒன்றையும் மறைக்கவில்லை. நிறையக் கேள்வி கேட்டான். சிலவற்றுக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. கடைசியில், "அந்த மேளத்துக்கு என்ன பேரும்மா?" என்றான். "பறை" என்றேன். "பறைதல்னா சொல்றதுன்னு அர்த்தம்" என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே தாத்தாவுக்கு போன் போட்டான். "தாத்தா, கொள்ளுத்தாத்தா நல்லா அடிப்பாரா?"

"சுத்துப்பட்டுல அவர மாதிரி ஆள் கெடையாது" என்றார் அப்பா. அதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"ஒரு தாளம் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல எழுதறேன். எட்டுப் பெட்டியா, பன்னிரண்டா?"

"பொட்டியெல்லாம் எனக்குத் தெரியாதுடா. கேட்டு எழுதிக்க. சாவுக்கு அடிக்கிறது வேணாம். சாமி பொறப்பாட்டுக்கு அடிக்கிறத சொல்றேன்." நாற்காலிக் கையில் இரண்டு விரல்களால் தட்டத் தொடங்கினார். மகன் நான்கு முறை திருப்பித் தட்டச் சொல்லி, பெட்டிகளை நிரப்பி, போட்டுக் காட்டினான். அப்பா தலையை ஆட்டினார். "மூணாவது அடி அவசரமா வருது. நிறுத்தி அடி." மீண்டும் திருத்தினான். "இப்ப சரி. மீதியெல்லாம் மறந்துபோச்சி."

"மறக்கல. எல்லாம் ஞாபகம் இருக்கு அவருக்கு" என்றார் பின்னாலிருந்து அம்மா.

சனிக்கிழமை மிருதங்க வகுப்பு தொடர்கிறது. பள்ளியில் அடுத்த வருடமும் அந்த ஒரு பக்கம் பாடத்தில் இருக்கும் என்று மியூசிக் டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டில், மேஜையில் தாளம் போட இப்போது என் மகனுக்கு அனுமதி உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு.